இருபது ஆண்டுகள் கிடந்த பழைய டியூன் பக்கி: வாங்கலாமா, வாங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

மணல்தடம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தின் மேல் ஃபைபர் கூடு பொருத்திச் செய்த, மணல்மேடுகளில் ஓட்டும் பழைய டியூன் பக்கி ஒன்று என் பார்வைக்கு வந்திருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு கொட்டகையில், சக்கரங்களில் காற்றில்லாமல் நின்றிருக்கிறது. கூட்டின் நிறம் ஒரு காலத்தில் மினுமினுக்கும் ஆரஞ்சாக இருந்திருக்க வேண்டும். இப்போது மேல்பூச்சு முழுவதும் சிலந்தி வலை போல வெடித்திருக்கிறது. பின்னால் திறந்தபடி இருக்கும் இன்ஜின் காற்றில் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின். கையால் சுற்றினால் சுற்றுகிறது என்று உரிமையாளர் சொல்கிறார். அடித்தளம் குறுக்கப்பட்டது என்றும், 1960களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட வண்டி என்றும் கூறுகிறார்.

சிறுவயதில் ஒரு மணல்வெளியில் இப்படி ஒரு வண்டி மேடேறிப் போனதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இதன் மீது தீராத ஆசை. ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே கேட்கிறேன். ஓரளவு வெல்டிங் தெரியும், பைக் இன்ஜின்களைப் பிரித்துக் கோத்த பழக்கமும் உண்டு; ஃபைபர் வேலை மட்டும் அறவே தெரியாது. நேரில் போகும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

பழைய ஸ்பானர் எழுதியது:

நண்பரே, கூட்டைப் பார்க்காதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பக்கி என்றாலே அந்த வளைந்த மட்கார்டுகளும் துருத்திய விளக்குகளும்தான் நம் மனத்தில் நிற்கின்றன. ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்தக் கூட்டுக்கு அடியில் இருக்கும் தகடும், அந்தத் தகட்டை யாரோ ஒருவர் எப்போதோ வெட்டி ஒட்டிய இடமும்தான்.

இந்த வண்டிகள் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்ப்பது என்பது தானாகவே விளங்கும். கலிஃபோர்னியாவில் ஃபைபர் படகுகள் கட்டும் அனுபவம் கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் முதல் மேயர்ஸ் மாங்ஸ் பக்கியைச் செய்தார். முதலில் செய்த சுமார் ஒரு டஜன் வண்டிகளில் ஃபைபர் கூடே சேஸிஸாகவும் இருந்தது; பீட்டிலின் சஸ்பென்ஷனும் இன்ஜினும் கியர்பாக்ஸும் அதிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டன. அந்த முறையில் செலவும் உழைப்பும் கட்டுப்படியாகாததால், பீட்டிலின் அடித்தளத்தையே எடுத்து, நடுவில் 14½ அங்குலம் வெட்டி நீக்கி, மீண்டும் ஒட்டி, அதன் மேல் கூட்டைக் கவிழ்க்கும் முறைக்கு அவர் மாறினார். 94½ அங்குலமாக இருந்த சக்கர இடைவெளி அதனால் 80 அங்குலமாகக் குறைந்தது. 1967இல் மேயர்ஸும் டெட் மாங்கல்ஸும் அந்த முதல் வண்டியை லா பாஸிலிருந்து டிஹுவானா வரை மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் நெடுக 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த நேரச் சாதனையை முறியடித்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தை வென்றதும் ஒரு மாங்ஸ்தான். அதன் பிறகு ஆர்டர்கள் குவிந்தன. கூடவே நகல்களும் குவிந்தன. காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றதால் அச்சை எடுத்து வார்க்கத் தெரிந்த எவரும் கூடு விற்கலாம் என்றாகிவிட்டது. 1971இல் அவர் நிறுவனத்தை மூடிவிட்டார்.

ஆகவே உங்கள் முன் நிற்கும் வண்டி அசல் மாங்ஸா, நகலா என்ற கேள்வி விலைக்குப் பொருந்தும், உயிருக்குப் பொருந்தாது. அசல் கூடாக இருந்தாலும் அடித்தளத்தை வெட்டி ஒட்டியவர் பெரும்பாலும் அதை வாங்கிய ஆள்தான், அதுவும் தன் வீட்டு முற்றத்தில் வைத்து. சிலர் கப்பல் கட்டுபவரைப் போல நேர்த்தியாகச் செய்தார்கள். சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்று செய்தார்கள்.

போகும்போது அளவு நாடா, நல்ல டார்ச், சுரண்டி, ஒரு பழைய ஸ்குரூ டிரைவர் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். 2,032 மில்லிமீட்டரை ஒட்டி இரண்டும் ஒன்றாக வந்தால் மகிழ்ச்சி. வேறுபட்டால் ஒட்டு கோணலாக இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பிறகு அடியில் படுத்து, இருக்கைகளுக்குப் பின்னால், பின்புற டார்ஷன் குழாய்க்கு (பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிகள் உள்ளே இருக்கும் குறுக்குக் குழாய்) சற்று முன்பாகத் தேடுங்கள். ஒட்டு அங்கேதான் இருக்கும். தார் பூசி மறைத்திருந்தால் அனுமதி கேட்டுச் சுரண்டுங்கள். சுரண்ட அனுமதிக்காத வண்டியை நான் வாங்கமாட்டேன்.

இழைக்கூடு எழுதியது:

நான் ஃபைபர் வேலை செய்பவன், எனினும் பழைய ஸ்பானர் சொல்வதை முழுமையாக ஆதரிக்கிறேன். கூட்டில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் அதை நிரப்ப வழி உண்டு. மேல்பூச்சு வெடித்திருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அதைக் காட்டி விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பீட்டிலின் சேஸிஸ் எண் நடுவில் ஓடும் சுரங்கப்பெட்டியின் மேல், பின் இருக்கை இருந்த இடத்தில் குத்தப்பட்டிருக்கும். ஒட்டு அதற்கு அருகிலேயே வருவதால் எண் முழுமையாக இருக்கிறதா, சுற்றிலும் தேய்த்த அடையாளமோ வெல்டிங் கோடோ இருக்கிறதா என்று பார்த்து, ஆவணத்தில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். எண் பொருந்தாத வண்டியைச் சீரமைத்துவிட்டுப் பதிவுக்காக அலைவதைவிட வேறு வண்டி தேடுவது எளிது.

மணல்தடம் எழுதியது:

நேற்று போய் வந்தேன். விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் 2,034 மி.மீ., வலப்பக்கம் 2,026 மி.மீ. மூன்று முறை அளந்தும் அதே எண்கள்தான் வந்தன. எட்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை வெறும் கண்ணால் பார்க்கும்போது தெரியவில்லை. நாடாவைப் பிடித்த பிறகு, பின் சக்கரம் ஒன்று மட்கார்டின் வளைவுக்கு நடுவில் இல்லாமல் சற்று முன்தள்ளி நிற்பதைக் கவனித்தேன்.

உரிமையாளர் நல்ல மனிதர், சுரண்ட மறுக்கவில்லை. தார்ப்பூச்சு ஒரு விரல் கனத்தில் இருந்தது. சுரண்டியபோது முதலில் பெரிய பெரிய பட்டைகளாக உதிர்ந்து முகத்தில் விழுந்தது, பிறகு பிசினாக இழுத்தது. அடியில் தகட்டின் மேல் தகடாக இரண்டு விரல் அகலத்துக்கு ஏற்றிவைத்து ஒட்டியிருக்கிறார்கள். தரைத்தகட்டில் வெல்டிங் தொடர்ச்சியாக இருக்கிறது, பார்க்கவும் மோசமில்லை. ஆனால் நடுச் சுரங்கப்பெட்டியைச் சுற்றி வரும்போது வெல்டிங் குமிழ் குமிழாக நின்று நின்று போகிறது. கியர் தண்டின் இணைப்பைப் பார்ப்பதற்காகச் சுரங்கப்பெட்டியின் மேல் ஒரு சிறு மூடி இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி என் தம்பியை உள்ளே டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு நான் அடியில் படுத்தேன். சுரங்கப்பெட்டியின் இடப்பக்கக் கீழ் விளிம்பில், குமிழ்களுக்கு இடையே, ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தது. ஏழு இடங்கள் எண்ணினேன்.

எண் பொருந்துகிறது. டார்ஷன் குழாயைச் சுற்றி ஸ்குரூ டிரைவரால் தட்டியும் குத்தியும் பார்த்தேன். எங்கும் அமுங்கவில்லை, ஓசை கணீரென்று இருந்தது. முன் ஆக்சில் பூட்டப்படும் தலைப்பகுதியில் மேல்துரு மட்டுமே இருக்கிறது. சொல்லிக் கேட்டு விலை குறைத்து வாங்கிவிட்டேன். திட்ட விரும்புபவர்கள் திட்டலாம்.

நெடுந்தடம் எழுதியது:

திட்டவில்லை, வாழ்த்துகள். ஆனால் என் கருத்து வேறு. வெளிச்சம் தெரியும் சேஸிஸை நம்பி மேட்டில் ஏறக் கூடாது. இக்காலத்தில் குழாய்களை வளைத்து வெல்டு செய்த முழுச் சட்டகங்களை எளிதாகவே கட்டிக்கொள்ளலாம். பழைய அடித்தளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டை மட்டும் புதிய சட்டகத்தின் மேல் பொருத்துங்கள். கையோடு கையாக இன்ஜினையும் பெரிதாக்கிவிடுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த தவற்றை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?

பழைய ஸ்பானர் எழுதியது:

நெடுந்தடம் அவர்களே, பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலை சரியானது. தீர்வில்தான் நாம் வேறுபடுகிறோம். டார்ஷன் குழாயோ முன் தலைப்பகுதியோ உளுத்திருந்தால் நானும் அடித்தளத்தை மாற்றத்தான் சொல்லியிருப்பேன். இங்கே அவை இரண்டும் நலமாக இருக்கின்றன. கெட்டிருப்பது ஓர் ஒட்டு. மேலும், பதிவு எண் அந்த அடித்தளத்துக்குச் சொந்தமானது. அதைத் தூக்கிப் போட்டால் சட்டத்தின் பார்வையில் அந்த வண்டியையே தூக்கிப் போட்டதாகப் பல இடங்களில் ஆகிவிடும். இன்னொன்றையும் கருதுங்கள்: இந்தக் கூட்டின் விளிம்பு அடித்தளத்தின் ஓரம் நெடுகப் போல்ட்டுகளால் இறுக்கப்படும்போது இரண்டும் சேர்ந்துதான் விறைப்புப் பெறுகின்றன. வேறொரு சட்டகத்தில் நான்கு மூலையில் மட்டும் தாங்கவைத்தால் கூடு அந்த மூலைகளிலிருந்தே வெடிக்கத் தொடங்கும்.

மணல்தடம், வேலையை இப்படிச் செய்யுங்கள். கூட்டைக் கழற்றி இறக்கி வையுங்கள். நான்கு பேர் தூக்கினால் வந்துவிடும். இன்ஜின், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். சுரங்கப்பெட்டிக்குள் பெட்ரோல் குழாய் ஒன்று முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. இருபது ஆண்டுகள் காய்ந்திருந்தாலும் அதில் ஆவி இருக்கலாம். எனவே வெல்டிங் பொறி படுவதற்கு முன் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு வரியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

பிறகு அடித்தளத்தைச் சமதளமான மேடையில் வைத்து ரசமட்டம் பார்த்து, முன் தலைப்பகுதியின் போல்ட் துளையிலிருந்து எதிர்ப்பக்க டார்ஷன் குழாயின் முனை வரை குறுக்காக அளங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகும் வரை பழைய ஒட்டை அறுத்துச் சரிசெய்ய வேண்டும். சரியானதும் புள்ளி வெல்டிங் வைத்து மறுபடி அளங்கள். ஒரே பக்கத்தில் நீளமாக இழுத்துவிட்டால் தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு அங்குலம் இங்கே, ஆறவிட்டு இரண்டு அங்குலம் அங்கே என்று மாறி மாறி வையுங்கள். சுரங்கப்பெட்டியின் ஒட்டுக்கு மேல் இரு பக்கமும் சேர்த்து மூடும்படி ஒரு தகட்டைப் பட்டையாக வளைத்து வெல்டு செய்தால் பிறகு அச்சமில்லை.

மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் குழாய்களைப் பாருங்கள். கிளட்ச் கேபிள் ஓடும் குழாய் உள்பக்கத்தில் சிறு பிடிகளால் ஒட்டப்பட்டிருக்கும். அது விட்டுப்போவது பீட்டில்களில் பழகிய நோய். விட்டுப்போனால் கிளட்சை மிதிக்கும்போது குழாயும் சேர்ந்து நகரும், கிளட்ச் முழுமையாக விடுபடாது, கியர் கரகரக்கும். கியர் தண்டும் அடித்தளத்தைக் குறைத்த அதே அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை ஒட்டும்போது ஒரு முனை மறு முனைக்குச் சற்றே திரும்பியிருந்தால்கூட ஏதாவதொரு கியர் விழாது. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிரித்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுவிசிறி எழுதியது:

இன்ஜின் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, எனவே நான் பேசுகிறேன். மணல்தடம், தயவுசெய்து முதல் நாளே பேட்டரியைக் கட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பழைய எண்ணெயை வடித்து, அடியில் இருக்கும் வட்டத் தகட்டைத் திறந்து சல்லடையை எடுத்துப் பாருங்கள். இந்த இன்ஜினில் தாள் ஃபில்டர் கிடையாது, அந்தக் கம்பிச் சல்லடை மட்டும்தான். அதில் கரும்பிசுக்கு இருந்தால் இயல்பு; மினுக்கும் செதில்கள் இருந்தால் பேரிங் பேசுகிறது என்று அறிக. இரண்டரை லிட்டர் எண்ணெய்தான் மொத்தக் கொள்ளளவு. இந்த இரண்டரை லிட்டரும் விசிறிக் காற்றும் சேர்ந்துதான் முழு இன்ஜினையும் குளிர்விக்கின்றன.

அடுத்து, இன்ஜினின் பின்னால் இருக்கும் பெரிய கிராங்க் புல்லியை இரண்டு கைகளாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, பிறகு உள்ளே தள்ளுங்கள். நல்ல இன்ஜினில் அசைவைக் கையால் உணர்வதே கடினம். 'டக்' என்று ஒரு தட்டு கேட்டால் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். புதிதாகக் கோத்த இன்ஜினில் அந்த அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கும்; 0.15 தாண்டினால் இன்ஜினைப் பிரிக்காமல் வேறு வழியில்லை. வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது, இப்போதாவது செய்யுங்கள்.

இனி விசிறிக் கூண்டு. அதைக் கழற்றித் தூக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலி கட்டாயம் குடியிருந்திருக்கும். பஞ்சும் துணியும் வைக்கோலும் சிலிண்டரின் இதழ்களுக்கு நடுவே திணிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் பத்து நிமிடம் ஓடினால் போதும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பக்கிகளுக்கென்றே ஒரு தனித் தீங்கு உண்டு. இன்ஜின் வெளியே தெரிவதால், அழகாக இருக்க வேண்டும் என்று தகரங்களையெல்லாம் கழற்றிவிட்டுக் குரோம் பூசிய சாமான்களை மாட்டிவிடுவார்கள். விசிறி ஊதும் காற்றைச் சிலிண்டரைச் சுற்றிவரச் செய்வதே அந்தத் தகரங்கள்தான், குறிப்பாகச் சிலிண்டர்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரண்டு வளைவுத் தகரங்கள். அவை இல்லையென்றால் காற்று மேலே பட்டுப் பக்கவாட்டில் போய்விடும். அதேபோல ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் குழாய்களை மாட்டியிருந்தால், விசிறிக் கூண்டின் இருபுறமும் ஹீட்டருக்குக் காற்று போகும் வாய்கள் திறந்தே கிடக்கும். அவற்றை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அவற்றின் வழியே வீணாகும். பழைய விசிறிக் கூண்டுகளில் எண்ணெய்க் கூலர் கூண்டுக்கு உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் பாதையில் நின்றது. அதனால்தான் மூன்றாம் சிலிண்டர் எப்போதும் கூடுதலாகச் சுட்டது. 1971ஆம் ஆண்டு மாடலில் கூலரைத் தனி அறைக்கு நகர்த்திய கூண்டு வந்தது. பழைய கூண்டு இருந்து, அதை மாற்ற வாய்ப்பும் இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய சிறந்த மாற்றம் அதுதான்.

கடைசியாகத் தீ. என்னுடைய முதல் பக்கியை நான் தீயில்தான் இழந்தேன். இந்தக் கார்புரேட்டர்களில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் திருகாமல் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது. சூட்டிலும் அதிர்விலும் அது தளர்ந்து, ஒரு நாள் ஹோஸோடு சேர்ந்து கழன்று, சுடும் இன்ஜின் மேலேயும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயும் பெட்ரோலை ஊற்றிவிடும். எனக்கு அதுதான் நடந்தது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் கனமான ஃபில்டர் ஒன்றை நான் தொங்கவிட்டிருந்தேன், அதன் எடையும் சேர்ந்து இழுத்திருக்கிறது. இன்ஜின் உறை மெக்னீசியக் கலப்பு உலோகம். அது பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். ஃபில்டரை இன்ஜினை விட்டு விலக்கி டேங்குக்கு அருகில் வையுங்கள், ஹோஸ்களை எல்லாம் புதிதாக மாற்றுங்கள், அந்தப் பித்தளைக் குழாயைக் கையால் திருகிப் பார்த்து அசைந்தால் சரியாகப் பொருத்தச் செய்யுங்கள். தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் பூட்டுங்கள்.

நெடுந்தடம் எழுதியது:

அடித்தளம் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்ஜினைக் கழற்றப்போகிறார் என்றால் பெரிய பிஸ்டனும் இரட்டைக் கார்புரேட்டரும் போடுவதில் என்ன தவறு? பிளக் பொறிக்கான மின்சாரத்தை இணைத்து வெட்டும் பாயிண்டுகளையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமே.

காற்றுவிசிறி எழுதியது:

எலக்ட்ரானிக் இக்னிஷனை நான் எதிர்க்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன்; பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் மட்டும் டப்பாவில் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். பெரிய இன்ஜின் வேண்டாம் என்பதற்கு என் காரணம் எளியது. 1,584 சி.சி. இன்ஜினே பீட்டிலை இழுத்தது. பக்கியோ அதைவிட வெகுவாக எடை குறைந்தது. உள்ள சக்தியையே பழைய பிரேக்கும் குட்டையான சேஸிஸும் எவ்வளவு தாங்குகின்றன என்று ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும்.

மணல்தடம் எழுதியது:

இரண்டு மாதங்களுக்குப் பிறகு வருகிறேன். அடித்தளம் முடிந்துவிட்டது. பழைய ஒட்டை முழுவதும் அறுத்தபோது, சுரங்கப்பெட்டியின் உள்ளே கிளட்ச் குழாயின் நடுப்பிடி விட்டுப்போயிருந்ததைக் கண்டேன். பழைய ஸ்பானர் ஐயாவுக்கு நன்றி. இப்போது மூலைவிட்டங்கள் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் நிற்கின்றன. விசிறிக் கூண்டைத் தூக்கியபோது மூன்றாம், நான்காம் சிலிண்டர்களின் மேல் ஒரு கை கொள்ளாத அளவுக்கு எலிக்கூடு இருந்தது. அடித்தகரங்கள் இரண்டும் காணவில்லை. தேடிப் பிடித்து மாட்டினேன். கிராங்க் அசைவு 0.11 வந்தது. வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. வைத்தேன். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி எண்ணெய் விளக்கு அணைந்த பிறகு, தனிக் கேனில் புதுப் பெட்ரோல் வைத்துக் கிளப்பினேன். நான்காவது முயற்சியில் பிடித்தது. புகை அடங்கப் பத்து நிமிடமாயிற்று. அந்தச் சத்தத்தை என் தம்பி கைப்பேசியில் பதிவு செய்து இன்றுவரை எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறான்.

இப்போது கூடு. இழைக்கூடு அவர்களே, உங்களிடம் வருகிறேன்.

இழைக்கூடு எழுதியது:

மகிழ்ச்சி. முதலில் கவனிக்க வேண்டியது, பட்டி பூசி மறைக்கக் கூடாது. சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் மேல்பூச்சில் மட்டும் இருக்கின்றனவா, அடியில் இழையும் உடைந்திருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருட்டில் ஒரு பக்கம் விளக்கை வைத்து மறுபக்கம் பாருங்கள். நல்ல இழை தேன் நிறத்தில் சீராக ஒளிவிடும். உடைந்த இடம் வெள்ளையாகவோ மங்கலாகவோ தெரியும். மட்கார்டின் வேர், விளக்குத் துளை, ரோல் பார் (வண்டி புரண்டால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்) துளை, போல்ட் துளைகள் ஆகிய இடங்களில் கட்டாயம் இருக்கும்.

மேல்பூச்சு வெடிப்புகளை V வடிவில் கீறித் திறந்து ஜெல் கோட்டால் (மேல்பூச்சாக அமையும் நிற ரெசின்) நிரப்பினால் போதும். இழை உடைந்த இடத்தில் உடைந்ததை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, சுற்றிலும் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும், நான்கு மி.மீ. கனமான கூடு என்றால் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் சரிவு. புது மேட் (கண்ணாடி இழை விரிப்பு) அந்தச் சரிவில்தான் பிடித்துக்கொள்கிறது. அழகு கெடாமல் இருக்க முடிந்தவரை உள்பக்கத்திலிருந்து அடுக்குங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிவிட்டால் சூடேறி வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும், கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது வரும் தூசுக்கும் முகமூடி வேண்டும், முழுக்கைச் சட்டையும் வேண்டும். எப்பாக்ஸி நன்றாக ஒட்டும் என்பது உண்மை, ஆனால் அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல் கோட் சரியாக இறுகாது. எனவே ஒரே குடும்பத்தோடு இருங்கள்.

அந்த ஆரஞ்சு மினுக்கு ஜெல் கோட்டிலேயே கலந்து வார்த்ததாக இருக்கலாம். முழுவதும் தேய்த்து எறிவதற்கு முன் ஓர் ஓரத்தை ஈர எமரி கொண்டு மெதுவாகத் தேய்த்து மெருகிட்டுப் பாருங்கள். ஒளி திரும்பினால் அந்த நிறத்தைக் காப்பாற்றப் போராடுவது தகும்.

விளக்கு ஒயரிங்கிலும் ஒரு சொல்: ஃபைபரில் மின்சாரம் ஓடாது. இரும்புக் காரில் பாடியே எர்த் ஆகிவிடும். இங்கே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஹார்னிலிருந்தும் டேங்க் அளவுமானியிலிருந்தும் தனி ஒயர் இழுத்துச் சேஸிஸில் பூட்ட வேண்டும். பக்கிகளில் மின்கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

மணல்தடம் எழுதியது:

மெருகிட்டுப் பார்த்தேன். வலது மட்கார்டின் அடியில், உள்ளங்கை அளவு இடத்தில், ஆரஞ்சும் பொன்னும் கலந்த துகள்கள் ஈரம் காய்ந்ததும் எழுந்து வந்தன. முழுக் கூட்டையும் இப்படியே செய்யப்போகிறேன், எத்தனை வாரமானாலும் சரி.

ஒரு சந்தேகம். கூட்டை ஏற்றிப் பூட்டிய பிறகு பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது; பின் சக்கரங்கள் அடியில் உள்வாங்கி, மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்கின்றன. ஸ்விங் ஆக்சில் வண்டி, அதாவது பின் ஆக்சிலின் இரு பாதிகளும் கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டும் கீல் போல மடங்கும் வகை. ஸ்பிரிங் எதையும் மாற்றவில்லை.

பழைய ஸ்பானர் எழுதியது:

மாற்றாததுதான் காரணம். அந்த டார்ஷன் பார் பீட்டிலின் எடையைத் தாங்கச் செய்தது, இப்போது அதன் மேல் அந்த எடை இல்லை. இந்த நிலையில் வேகமாகத் திருப்பாதீர்கள். ஸ்விங் ஆக்சிலில் வெளிச்சக்கரம் இன்னும் உள்ளே மடிந்து பின்பக்கத்தைத் தூக்கிவிடும். பக்கி புரளும் வழி அது.

டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்ளே ஒரு பல் திருப்பினால் 9 பாகை, வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் திருப்பினால் 8 பாகை 10 நிமிடம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வித்தியாசம் 50 நிமிடம், அதாவது ஒரு பாகைக்கும் குறைவான நுண்மாற்றம் கிடைக்கும். பாரின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஸ்பிரிங் தகட்டின் கோணத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, இரு பக்கமும் ஒரே அளவுக்கு இறக்குங்கள். பாரின் மேல் ஆழமான கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்பிரிங் தகட்டை விடுவிக்கும்போது அது தாங்கியை விட்டுத் துள்ளி இறங்கும். ஜாக்கியால் தாங்கிக்கொண்டே இறக்குங்கள், விரலை வழியில் வைக்காதீர்கள்.

பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழியா, இரட்டை வழியா? ஒற்றை என்றால் மாற்றிவிடுங்கள், ஒரு ஹோஸ் போனாலே நான்கு சக்கரமும் போய்விடும். ரப்பர் ஹோஸ்களை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள், அவை உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். பின் ஆக்சில் நட்டை சுமார் 300 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும், சாதாரண ஸ்பானரில் குத்துமதிப்பாக விடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் தேதிக் குறி மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000க்கு முந்தியது; பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

மணல்தடம் எழுதியது:

டயர் மூன்று இலக்கம்தான். ஐந்தும் மாற்றியாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றையாக இருந்தது, இரட்டை வழி போட்டுவிட்டேன். பின்பக்கம் உள்ளே ஒரு பல்லும் வெளியே எதிராக இரண்டு பல்லும் திருப்பிய பிறகு சக்கரங்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. ரோல் பாரைக் கூட்டில் பூட்டாமல் அடித்தளத்தில் பூட்டினேன், இருக்கைப் பட்டைகளும் அங்கேயே.

இன்று காலை ஆள் நடமாட்டமில்லாத திடலில் முதல் முறையாக ஓட்டினேன். முதல் கியரில் இரண்டு சுற்று. பிறகு நிறுத்தி அடியில் படுத்து ஒட்டைப் பார்த்தேன். பெயின்ட்டில் ஒரு மயிரிழைகூட விரியவில்லை. அதன் பிறகுதான் மணல்மேட்டின் பக்கம் திருப்பினேன். மேட்டின் பாதியில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கியர் நெம்புகோல் சற்றுத் தயங்கியது, ஆனால் விழுந்தது. உச்சியில் இன்ஜினை நிறுத்தாமல் சிறிது நேரம் ஓடவிட்டு, விசிறி ஊதும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது, வால்வைத் தள்ளும் கம்பி ஓடும் வலப்பக்கப் புஷ்ராட் குழாய் ஒன்றின் அடியில் எண்ணெய்த் துளி தொங்குகிறது. ஹெட்டைக் கழற்றாமல் அந்த சீலை மட்டும் மாற்ற, இழுத்து நீட்டும் குழாய் போடலாமா என்று சொல்லுங்கள். கியர் தயக்கத்துக்குத் தண்டின் இணைப்பைத் திரும்பவும் நேர்செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நாளை மூடியைத் திறக்கிறேன்.

பழைய ஸ்பானர் எழுதியது:

நீட்டும் குழாய் போடலாம், ஸ்பிரிங் உள்ள வகையாகப் பாருங்கள். இணைப்பின் திருகைத் தளர்த்தி, நெம்புகோலை இரண்டாம் கியரில் வைத்து ஒரு மயிரிழை அளவு மட்டும் நகர்த்துங்கள். குறி வைத்துவிட்டு நகர்த்துங்கள். கூட்டின் வலது மட்கார்டைப் படம் எடுத்துப் போடுங்கள், அந்த ஆரஞ்சைப் பார்க்க வேண்டும்.